43.8 டன்னும் ஒரு பென்சில் வட்டமும்

"டேங்க்ல எவ்வளவு இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்தானே மாமா? எவ்வளவு தூரம் போயிருக்கும்னு கணக்குப் போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இத்தனை கப்பல்?"

2014 மார்ச்சில், கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய எம்எச்370 விமானம் காணாமல் போன வாரத்தில் அக்கா மகன் கேட்டது இது. அப்போது அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியில் ஆளாளுக்கு ஒரு கடலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கேள்வி எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஏழு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் அளவுக்கு எரிபொருள் இருந்தது என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். ஏழு தொள்ளாயிரம் 6,300. அட்லஸை விரித்து, கடைசியாக ரேடியோ பேச்சு கேட்ட இடத்தில் காம்பஸ் முள்ளைக் குத்தி, அளவுகோலில் 6,300 கிலோமீட்டரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சுற்றி முடித்ததும் இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வட்டத்துக்குள் இந்தியா முழுசாக இருந்தது. சீனா, ஜப்பான், மங்கோலியா, ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதி, அரபிக்கடல், வங்கக்கடல் எல்லாமே உள்ளே. தெற்கே ஐம்பதாவது அட்சரேகையைத் தொடப் போனது. பின்னாளில் உருண்டைப் பரப்புக்கான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய 11.5 கோடி சதுர கிலோமீட்டர். பூமியின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். (தட்டையான வரைபடத்தில் காம்பஸ் வைத்து வரைந்த வட்டம் உண்மையான வட்டமே இல்லை என்பது தனிக் கூத்து. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.)

கணக்கு முடிந்துவிட்டது, விமானம் மட்டும் அகப்படவில்லை. அந்த வட்டத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதில் என்னென்ன தப்பு என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. விமானத் துறையில் பயணத் திட்டம் போடும் வேலையில் இருந்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, ஸ்கூட்டர் மைலேஜ் மாதிரி போட்டு வச்சிருக்க?" என்று சிரித்தார். அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

முதலில் டேங்க். அந்தப் போயிங் 777-200ஈஆர் விமானத்தின் தொட்டிகள் நிரம்பினால் 1,71,000 லிட்டருக்கு மேல் கொள்ளும், எடையில் 137 டன் அளவுக்கு. அன்று கோலாலம்பூரில் கிளம்பும்போது அதில் இருந்தது 49.1 டன்தான். மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. இதைக் கேட்டதும் 'ஏன் குறைவாகப் போட்டார்கள்' என்று சிலருக்குச் சந்தேகம் வரும். குறைவில்லை. எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் செலவாகும் என்பதால் எந்த விமானமும் தேவைக்கு மிஞ்சிச் சுமக்காது. பெய்ஜிங் போய்ச்சேரத் திட்டமிட்ட செலவு 37.2 டன், நேரம் 5 மணி 34 நிமிடம். அங்கே இறங்க முடியாமல் போனால் ஜினான் விமான நிலையத்துக்கு 4.8 டன், அதுவும் ஆகாதென்றால் ஹாங்ஜோவுக்கு 10.7 டன் என்று மாற்று இடங்களுக்கும் கணக்கு இருந்தது. எல்லாம் சேர்த்துத்தான் 49.1. மொத்தமாக எரித்தால் ஏழரை மணி நேரம் தாங்கும் என்பது பயணத் திட்டத்திலேயே உள்ள எண்.

டன் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. வண்டிக்கு லிட்டரில் போடுகிறோம், விமானத்தில் எடைதான் பேச்சு. எரிபொருள் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். லிட்டர் மாறும், எடை மாறாது. எரிந்தால் கிடைக்கும் சக்தியும் எடையைப் பொறுத்தது. இந்த லிட்டர், எடைக் குழப்பத்தில் 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் இரண்டு இன்ஜினும் அணைந்து நின்றது. தேவைப்பட்டது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8 என்று பெருக்க வேண்டிய இடத்தில், லிட்டரைப் பவுண்டாக்கும் 1.77ஐப் போட்டுப் பெருக்கிவிட்டார்கள். பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய அந்த விமானத்தைக் கிம்லி என்ற ஊரில், கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்த பழைய விமானதளத்தில், சறுக்கிக்கொண்டே கொண்டுபோய் இறக்கினார் விமானி. அனைவரும் பிழைத்தார்கள். பள்ளியில் அலகு எழுதாவிட்டால் அரை மார்க் குறைக்கும் வாத்தியார்களை நான் திட்டுவதை நிறுத்தியது இந்தக் கதையைப் படித்த பிறகுதான்.

எம்எச்370 கதையில் அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. விமானமே தன் எரிபொருள் அளவைச் சொல்லிவிட்டுத்தான் போனது. ஏகார்ஸ் என்ற தானியங்கிச் செய்தி முறை அரை மணிக்கு ஒருமுறை விமானத்தின் நிலையைத் தரைக்கு அனுப்பும். மலேசிய நேரம் அதிகாலை 1:07க்கு வந்த செய்திதான் கடைசி. அதில் மிச்ச எரிபொருள் 43.8 டன். பின்னாளில் யார் போட்ட கணக்கானாலும் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

இங்கேயே என் முதல் தப்பு வெளிப்பட்டது. 12:42க்குக் கிளம்பியபோது 49.1, 1:07க்கு 43.8. இருபத்தைந்து நிமிடத்தில் 5.3 டன் காலி. இதை அப்படியே நீட்டினால் மணிக்கு 12.7 டன். அந்த வேகத்தில் எரிந்தால் மீதி மூன்றரை மணி நேரம்கூடத் தாங்காது, விடிகாலை நாலரைக்கே விழுந்திருக்க வேண்டும். ஆனால் அது ஏறும்போது எரியும் கணக்கு. 223 டன் எடையைத் தரையிலிருந்து 35,000 அடிக்குத் தூக்குவதற்கான விலை. மேலே போய் நிலைத்த பிறகு செலவு பாதியாகக் குறைந்துவிடும்.

நிலைத்த பிறகும் ஒரே மாதிரி எரியாது. எரிய எரிய விமானம் இலேசாகும், இலேசானால் தூக்கி நிறுத்தக் குறைந்த உந்துவிசை போதும், ஆகவே இன்னும் குறைவாக எரியும். 1:07க்கு எடை 218.2 டன், எரிபொருள் முழுக்கத் தீர்ந்தால் 174.4 டன். இரண்டையும் வகுத்தால் 1.25. தூரக் கணக்கில் வருவது இந்த விகிதத்தின் லாகரிதம், 0.224. ப்ரெகே என்ற பிரெஞ்சு விமானவியலாளரின் பெயரால் அழைக்கப்படும் சூத்திரம் அது. வேகம், இறக்கையின் திறன், இன்ஜினின் சிக்கனம் மூன்றையும் அந்த லாகரிதத்தோடு பெருக்கினால் தூரம் வந்துவிடும். பத்தாம் வகுப்பில் லாகரிதம் அட்டவணையை வெறுத்தவன் நான். அது இங்கே வந்து நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

சராசரியாக எவ்வளவு எரிந்தது என்பது இன்று தெரியும், ஏனென்றால் எப்போது தீர்ந்தது என்பது தெரியும். காலை 8:17 வாக்கில். எப்படித் தெரியும் என்பதற்குக் கீழே வருகிறேன். 1:07 முதல் 8:17 வரை ஏழு மணி பத்து நிமிடம். 43.8ஐ அதால் வகுத்தால் மணிக்கு 6.1 டன். எடைக்கு ஏற்பச் செலவு குறையும் என்று வைத்துக்கொண்டு நான் போட்ட தோராயக் கணக்கில், தொடக்கத்தில் 6.8 டன்னாக இருந்தது கடைசியில் 5.4 டன் பக்கம் இறங்கியிருக்கும்.

நண்பர் சொன்ன அடுத்த விஷயம்தான் என் வட்டத்தை அழித்தது. "எரிபொருள் தூரம் சொல்லாது. நேரம் சொல்லும், அதுவும் நீ எப்படிப் பறந்தேன்னு சொன்னாத்தான்."

உண்மைதான். ஒரு கிலோமீட்டருக்கு மிகக் குறைவாக எரிக்கும் வேகம் ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு மிகக் குறைவாக எரிக்கும் வேகம் வேறொன்று. முதலாவது தூரம் போகிறவனுக்கு, இரண்டாவது இறங்க இடமில்லாமல் வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்கிறவனுக்கு. இரண்டாவது மெதுவானது. அதே 43.8 டன்னில் அதிக நேரம் மிதக்கலாம், ஆனால் அதிக தூரம் போக முடியாது. உயரம் இன்னொரு சங்கதி. மேலே காற்று மெலிது, உராய்வு குறைவு. கீழே பத்தாயிரம் அடியில் பறந்தால் கிலோமீட்டருக்கான செலவு எகிறிவிடும். வெப்பநிலை, எதிர்க்காற்று, பின்காற்று, இன்ஜினின் வயது, பயணிகள் பகுதிக்குக் காற்றூட்டும் அமைப்பு ஓடியதா நின்றதா என்பதுவரை எல்லாம் கணக்கில் ஏறும். ஆகவே என் 6,300 கிலோமீட்டர் ஒரு தூரமே அல்ல. ஒரு குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட வேகத்தில், காற்றே இல்லாத வானத்தில், கிளம்பிய திசையிலேயே நேராகப் பறந்தால் வரும் எண். எம்எச்370 இதில் எதையும் செய்யவில்லை.

1:19க்குக் கடைசிப் பேச்சு. 1:21க்கு, இகாரி என்ற வழிப்புள்ளியைத் தாண்டியதும், தரை ரேடாருக்கு விமானத்தின் அடையாளத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி நின்றது. பிறகு விமானம் திரும்பியது. ராணுவ ரேடாரில் பதிவான தடம் மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்கின் தெற்கே வளைந்து, மலாக்கா நீரிணையின் மேலே வடமேற்காகப் போய், 2:22க்கு அந்தமான் கடல் பக்கம் முடிகிறது. வந்த வழியே திரும்பியதால் ஒரு மணி நேர எரிபொருள் வட்டத்தை விரிக்காமலேயே தீர்ந்துவிட்டது.

அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எரிந்தது என்பதுதான் தேடலையே ஒருமுறை புரட்டிப் போட்டது. மார்ச் 24 அன்று, விமானம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக் அறிவித்தார். ஆஸ்திரேலியாவுக்குத் தென்மேற்கே வெகு தொலைவில் விமானங்களும் கப்பல்களும் தேடிக்கொண்டிருந்தன. நான்கே நாளில், மார்ச் 28 அன்று, தேடும் இடத்தை அப்படியே 1,100 கிலோமீட்டர் வடகிழக்கே மாற்றினார்கள். காரணமாகச் சொன்னது ஒரே விஷயம்: தென்சீனக் கடலிலிருந்து மலாக்கா நீரிணை வரை விமானம் முன்பு நினைத்ததைவிட வேகமாகப் பறந்திருக்கிறது, அதனால் அதிக எரிபொருள் எரிந்திருக்கிறது, அதனால் தெற்கே அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. செயற்கைக்கோள் படங்களில் மிதக்கும் பொருள்களைக் காட்டி நாடுகள் நம்பிக்கை ஊட்டிக்கொண்டிருந்த கடல் ஒரே அறிவிப்பில் கைவிடப்பட்டது. அன்று அக்கா மகனிடம், "பாத்தியா, நம்ம கணக்கத்தான் அவங்களும் போடுறாங்க" என்று பெருமையடித்துக்கொண்டேன். நம்முடையது எவ்வளவு மோசமான கணக்கு என்பது எனக்கே அப்போது தெரியாது.

பின்னர் போயிங் செய்த மதிப்பீட்டில் 2:28 வாக்கில் மிச்சம் சுமார் 33.5 டன். அதாவது 1:07க்குப் பிறகு 81 நிமிடத்தில் பத்து டன்னுக்கு மேல் செலவு, மணிக்கு ஏறக்குறைய 7.6 டன். சராசரி 6.1 என்று போட்டிருந்தால் மிச்சம் 35.5 டன் என்று வந்திருக்கும். வித்தியாசம் இரண்டு டன். காகிதத்தில் அற்பமாகத் தெரியும். இருபது நிமிடப் பறத்தல், முந்நூறு கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டர் ஆழக் கடலில், கயிற்றில் சோனார் (ஒலியால் கடலடியைப் பார்க்கும் கருவி) கட்டி நடைவேகத்தில் இழுத்துத் தேடுகிறவர்களுக்கு முந்நூறு கிலோமீட்டர் என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த 8:17.

இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, 64.5 டிகிரி கிழக்கில் நிற்கும் இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியாகத்தான் அந்த விமானத்தின் தொடர்பு. ஒரு மணி நேரம் எந்தப் பேச்சும் இல்லையென்றால் தரை நிலையம், 'இருக்கிறாயா' என்று கேட்கும். விமானத்தின் கருவி 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். அதில் இடம், உயரம், எரிபொருள் எதுவும் இருக்காது. ஆனால் பதில் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தொலைவு என்று சொல்லலாம். அந்தத் தொலைவில் உள்ள இடங்களெல்லாம் பூமியின் மேல் ஒரு பெரிய வளைவாக விழும். 2:25க்கு விமானமே மறுபடி இணைப்புக் கேட்டது. பிறகு 3:41, 4:41, 5:41, 6:41, 8:11 என்று பதில்கள். 6:41க்கு அடுத்தது 7:41 அல்லவா வர வேண்டும்? 7:13க்குத் தரையிலிருந்து விமானத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்த அழைப்பு ஒரு மணி நேரக் கடிகாரத்தை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வைத்துவிட்டது. யாரும் எடுக்காத அழைப்பும் ஒரு தகவலாக விசாரணைக்குள் வந்தது எனக்கு மனத்தை என்னவோ செய்யும்.

8:11க்குப் பிறகு 9:11 வாக்கில் அடுத்த கேள்வி வர வேண்டும். அதற்கு முன்பே, 8:19க்கு, விமானம் தானாகவே 'புதிதாக இணைகிறேன்' என்று செய்தி அனுப்பியது. பெரும்பாலும் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால்தான் அந்தக் கருவி அப்படிக் கேட்கும். எட்டாவது மணி நேரத்தில் நடுக்கடல் மேலே ஏன் மின்சாரம் போகும்? இரண்டு இன்ஜினும் நின்றால் போகும். நின்றதும் வாலில் உள்ள சிறிய துணை இன்ஜின் தானாகக் கிளம்பி, குழாயில் தங்கிய மிச்ச எரிபொருளில் சற்று நேரம் ஓடும். மின்சாரம் திரும்பும். செயற்கைக்கோள் கருவி விழித்துக்கொண்டு இணைப்புக் கேட்கும். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம். 8:19இலிருந்து இரண்டைக் கழித்தால் 8:17.

இப்போது பயணத் திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். 12:42க்குக் கிளம்பி ஏழரை மணி நேரம் தாங்கும் என்று போட்டிருந்தார்கள். 8:12 என்று வருகிறது. நிஜத்தில் 8:17. விமானம் திட்டத்தில் இருந்த எந்த வழியிலும் போகவில்லை, ஆனாலும் ஐந்து நிமிட வித்தியாசம்தான். இதை முதலில் கழித்துப் பார்த்த இரவு நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அந்த முடிவுநேரம் தெரிந்ததும் எரிபொருள் கணக்கு தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. 'இருக்கும் எரிபொருளில் எவ்வளவு தூரம் போகலாம்' என்பது பழைய கேள்வி. புதியது: எந்த வேகத்தில், எந்த உயரத்தில் பறந்தால் சரியாக 8:17க்குத் தீரும்? முன்னாலும் தீரக் கூடாது, மிச்சமும் இருக்கக் கூடாது. கூடவே, 3:41க்கு ஒரு வளைவு, 4:41க்கு அடுத்த வளைவு என்று ஒவ்வொன்றையும் குறித்த நேரத்தில் கடக்கவும் வேண்டும். மெதுவாகப் பறந்தால் கடைசி வளைவை வடக்கே தொடும், வேகமாகப் பறந்தால் தெற்கே தொடும். மிகத் தெற்கே போக வேண்டுமானால் தேவைப்படும் வேகத்துக்கு எரிபொருள் போதாது. 2:25இல் தொடங்கி எண்ணினால் ஏழாவதாக வரும் கடைசி வளைவின், 8:19 வளைவின், தென்முனையை வெட்டியது எரிபொருள்தான்.

வதந்திகளையும் அது வெட்டியது. ரேடாருக்குத் தெரியாமல் மரத்தை உரசுகிற மாதிரி மணிக்கணக்காகத் தாழப் பறந்தது என்றார்கள். அப்படிப் பறந்திருந்தால் 8:17 வரை எரிபொருள் வந்திருக்காது, அல்லது அவ்வளவு தூரம் கடந்திருக்காது. 45,000 அடிக்கு ஏறியது என்றார்கள். 777க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச உயரமே 43,100 அடி, அதுவும் எடை குறைந்த நிலையில். அப்போது இது இருநூறு டன்னுக்கு மேல் எடையோடு இருந்தது. ஏதோ தீவில் இறக்கி மறைத்து வைத்திருக்கிறார்கள் என்ற கதையோ இன்னும் சாகவில்லை. அதை நம்புகிறவர்களிடம் நான் 8:19ஐப் பற்றிப் பேசுவதில்லை. பேசிப் பயனில்லை என்று அனுபவம்.

சரி, இரண்டு இன்ஜினும் ஒரே நேரத்திலா நிற்கும்? இது நான் யோசிக்கவே யோசிக்காத கேள்வி. இடது இன்ஜின் இடது இறக்கைத் தொட்டியிலிருந்து குடிக்கிறது, வலது வலதிலிருந்து. அந்த விமானத்தில் வலது இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் பழக்கமுள்ளது என்பது பழைய பயணங்களின் பதிவில் இருந்தது. எனவே வலது முதலில் நின்றிருக்கும். இடது அதற்குப் பிறகு 15 நிமிடம் வரைகூட ஓடியிருக்கலாம் என்பது ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் மதிப்பீடு. அந்த நேரத்தில் ஒற்றை இன்ஜின் ஒரு பக்கமாக இழுக்க, விமானத்தின் தானியங்கி அமைப்புகள் வால்சுக்கானைத் திருப்பி நேராக வைத்திருக்கும். இடதும் நின்றால் தானியங்கி விமானியும் போய்விடும். பிறகு விமானம் எந்தப் பக்கம் சரியும் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. சிமுலேட்டரில் பல தடவை ஓட்டிப் பார்த்தார்கள்.

எரிபொருள் தீர்ந்த பிறகும் தூரம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட்டின் ஏர்பஸ் 330 ஒன்று அட்லாண்டிக் மேலே எரிபொருள் கசிந்து இரண்டு இன்ஜினையும் இழந்தது. விமானி அதை 120 கிலோமீட்டர், பத்தொன்பது நிமிடம், சத்தமில்லாமல் சறுக்கவிட்டு அசோர்ஸ் தீவில் இறக்கினார். ஆகவே எம்எச்370இல் யாராவது கடைசிவரை கட்டுப்பாட்டில் இருந்திருந்தால், வளைவின் இரு பக்கமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தேட வேண்டிவரும். தேடலின் அகலத்தையே தீர்மானிக்கும் கேள்வி இது. 8:19இல் வந்த கடைசி இரண்டு செய்திகளுக்கு இடையே எட்டு விநாடிதான். அவற்றின் அலைவரிசை மாற்றத்தைப் பார்த்தால் விமானம் வேகமாக, மேலும் மேலும் வேகமாக, கீழே இறங்கிக்கொண்டிருந்தது தெரிகிறது. டான்சானியாவின் பெம்பா தீவில் ஒதுங்கிய இறக்கை மடிப்புத் துண்டும், தண்ணீரில் இறக்குவதற்காக விரிக்கப்பட்ட நிலையில் அது இல்லை என்பதையே காட்டியது. இரண்டும் சேர்ந்து, நீண்ட சறுக்கல் நடக்கவில்லை என்ற பக்கம் சாய்கின்றன. நானும் அந்தப் பக்கம்தான்.

ஆக, என் பென்சில் வட்டத்தின் 11.5 கோடி சதுர கிலோமீட்டரை, செயற்கைக்கோள் வளைவும் எரிபொருளும் சேர்ந்து 1,20,000 ஆகக் குறைத்தன. ஆயிரத்தில் ஒரு பங்கு. அத்தனையையும் கடலடியில் சோனார் கொண்டு தேடி, 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். பிரதான சிதைவு இல்லை. 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம், கிடைத்தால்தான் கூலி என்ற ஒப்பந்தத்தில் இன்னொரு 1,12,000 சதுர கிலோமீட்டர் தேடியது. 2025இல் மீண்டும் இறங்கியது. 2015 ஜூலையில் ரீயூனியன் தீவின் கரையில் ஒரு இறக்கைப் பாகம் ஒதுங்கியபோது, விமானம் இந்தப் பெருங்கடலில்தான் இருக்கிறது என்பது உறுதியானது. விமானத்தில் இருந்த 239 பேரில் ஒருவரைப் பற்றிக்கூட அதற்கு மேல் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை.

கணக்கு தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2:22க்கும் 3:41க்கும் நடுவே விமானம் எப்போது தெற்கே திரும்பியது என்பது ஒரு ஓட்டை. உடனே திரும்பியதா, கொஞ்சம் வட்டமடித்துவிட்டா? வட்டமடித்திருந்தால் அந்த எரிபொருள் தூரமாக மாறாமல் போயிருக்கும், வளைவில் சேரும் இடம் வடக்கே நகரும். வேகத்தை யாராவது நடுவில் மாற்றினார்களா என்பது இன்னொரு ஓட்டை. கணக்குப் போடுகிற எல்லாருமே, தெற்கே திரும்பிய பிறகு விமானம் யார் கையும் படாமல் ஒரே சீராகப் பறந்தது என்றுதான் பெரும்பாலும் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்துக்கொள்ளாவிட்டால் போட முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அக்கா மகன் இப்போது பொறியாளர். விமானம் சம்பந்தமான வேலை இல்லை. ஆனால் போன வருடம் ஒரு எக்ஸெல் தாள் அனுப்பினான். காற்று, வெப்பநிலை, எடை எல்லாம் வைத்து நிமிடத்துக்கு நிமிடம் எரிபொருளைக் கழித்துக்கொண்டே போகும் தாள். என் 6,300 எங்கும் இல்லை. முதல் நெடுவரிசையில் நேரம், இரண்டாவதில் விமானமே சொன்ன எரிபொருள், மூன்றாவதில் அவன் கணக்கு. இரண்டாவது நெடுவரிசை 01:07இல் 43.8 என்பதோடு முடிகிறது. அதற்குக் கீழே 01:37 என்று ஒரு வரியை மட்டும் மஞ்சள் அடித்து, எதிரே காலியாக விட்டிருந்தான்.

"இது எதுக்குடா?" என்று கேட்டேன்.

"அடுத்த ஏகார்ஸ் அந்த நேரத்துக்குத்தான் மாமா வந்திருக்கணும்."

வரவில்லை. வந்திருந்தால் அதில் நாற்பதை ஒட்டி ஓர் எண் இருந்திருக்கும்.